மணல் திட்டின் வால் பக்கம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பெயிண்டால் அண்டாவின் அடியில் போடுகிற கடை அடையாளம்தான். அதனால் எனக்கு எழுத்து பெரிது பெரிதாகத்தான் வருகிறது. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. படிக்கிறவர்கள் தாங்களே சரிசெய்து படித்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, அறுபது வயதுக்குச் செய்கிற சாந்தி, எதுவாக இருந்தாலும் அண்டாவும் குண்டானும் எங்களிடம் இருந்து போகும். ஏற்றி விடுவது, திரும்பி வந்ததும் கழுவி அடுக்குவது, நெளிந்ததைத் தட்டுவது என் வேலை. வருகிறவர்களிடம் பேசுவது முதலாளியின் வேலை. அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேச ஆரம்பித்தால் என் காது சூடாகிவிடும். கல்யாண மண்டபத்துக்குச் சாமான் கொண்டு போனால் சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பயந்து பின்வாசல் வழியாகவே வந்துவிடுவேன்.

என் மனைவியும் பேசாதவள். அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு சின்னத் தூக்குவாளியில் அடங்கிவிடும். அரிசி தீர்ந்துபோச்சு. மகள் போன் பண்ணினாள். வெந்நீர் வைக்கவா. மகளையும் சிங்கம்புணரியில் கட்டிக்கொடுத்துவிட்டோம், அதற்கப்புறம் இன்னும் அமைதி. கடைத்தெருவுக்குப் போனால் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். பேசாதவனுக்குப் பேசாதவள் வாய்த்தது பாக்கியம் என்று இருந்தேன். அக்கம்பக்கத்தில் சண்டைச் சத்தம் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கடலைப் பற்றி எழுத வந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. தேவகோட்டையில் பஸ் மாறினால் மதியத்துக்குள் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் நாங்கள் கடலுக்குப் போவது செத்தவர்களுக்காக மட்டும்தான். தை அமாவாசை, ஆடி அமாவாசை. அல்லது சாம்பல் கரைக்க. போவோம், முழுகுவோம், எள்ளும் தண்ணீரும் விடுவோம், பிண்டத்தைக் கரைப்போம், ஈர வேட்டியோடு கரையேறுவோம். கரையேறினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. தாத்தாவின் சாம்பலைக் கரைத்த அன்று அப்பா என் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். "பாக்காதடா. பார்த்தா அவுக கிளம்ப மாட்டாக." அப்பாவையே கரைத்த அன்றும் நான் திரும்பவில்லை. பிறகு வருடாவருடம் தை அமாவாசைக்குத் தேவிபட்டினம் போகிறேன், அதே மாதிரிதான் வருகிறேன். கடல் எவ்வளவு அகலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் இடுப்புக்கு முன்னால் இருக்கிற தண்ணீரின் நிறம் மட்டும் தெரியும்.

இந்தத் தை அமாவாசைக்கு விடிவதற்கு முன்னால் நான் பையை எடுத்தபோது மனைவியும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேன். தங்கச்சியப் பார்த்துட்டு வருவோம்."

"காக்காய்க்குச் சோறு வைக்கணுமே."

"கரையிலயும் காக்கா இருக்கும்" என்றாள்.

அவள் தங்கை தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறாள். தானாகவே ஒருவரைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போனவள். என் மாமனார் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக்குப் போக்குவரத்துக் கிடையாது. அவர் போன பிறகு போன் பேச்சு ஆரம்பித்தது, அப்புறம் ஒரு தீபாவளிக்கு அவர்கள் வந்து தலையைக் காட்டினார்கள். நாங்கள் போவது இதுதான் முதல் தடவை. அந்த வீட்டுக்காரர் என் சகலை. என்னை விட ஏழெட்டு வயது இளையவர். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார். மற்ற நாளில் மீன் பிடிப்பார், சனி ஞாயிறில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு எதிரே இருக்கும் மணல் திட்டுக்குப் போவார். பேசியே பிழைக்கிறவர் என்று தீபாவளிக்கு வந்தபோதே தெரிந்தது. அப்போது எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம்தான் இருந்தார். அந்த ஒரு மணி நேரமும் நான் காப்பி வாங்க, பால் வாங்க என்று கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

தேவிபட்டினத்தில் காரியம் முடித்து, காக்காய்க்கும் வைத்துவிட்டு, அவர்கள் ஊருக்கு நாங்கள் போய் இறங்கியபோது சூரியன் உச்சிக்கு வரவில்லை. சகலை பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார்.

"வாங்க அண்ணே. வாங்க மதினி. வீட்டுக்கு அப்புறம் போகலாம். படகு தண்ணியில நிக்குது, முதல்ல திட்டைப் பார்த்துட்டு வந்துருவோம். அமாவாசைத் தண்ணி ஏறுறதுக்குள்ள திரும்பணும்."

நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மதினியை இளையவர் கேலி பேசலாம். முறை அப்படி. மதினியும் திருப்பிப் பேசலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டவன்தான் கிறுக்கன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நடந்ததில் நான் வாயைத் திறந்து தப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

படகு கிளம்பியதும் சகலை ஆரம்பித்தார். "என்ன மதினி, எங்க அண்ணன் உங்களைப் பேசவே விடுறதில்லையாமே. வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய அண்டாவுக்குள்ள போட்டுட்டாகளா?"

அவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள். "அந்த அண்டா வாடகைக்குப் போயிருக்கு தம்பி. சாவியும் கூடவே போயிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அண்டா மேல் அடுக்கின தாம்பாளம் எல்லாம் ஒன்றாகச் சரிந்து விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. அவள் தங்கை சிரித்தாள், சகலை சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள்?

திட்டு என்று அவர்கள் சொன்னது, கரைக்கு எதிரே கடலுக்குள் வடக்கு தெற்காக நீளமாகப் படுத்திருக்கும் மணல். தென்னை மரம் இல்லை, வீடு இல்லை. கரைக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் நம் ஊர்க் கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. திட்டின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் போனால்தான் அலை. வாடைக்காற்று காதை அடைக்கிறது. இந்த மணல் மேடு நடுவில் படுத்திருப்பதால்தான் ஊருக்குள் அலை வருவதில்லை என்று சகலை சொன்னார்.

"அடி எல்லாத்தையும் இது வாங்கிக்கும் மதினி. ஊருக்கு மேல படவிடாது."

"பாவம்" என்றாள் என் மனைவி. மணலைப் பார்த்து.

என்னைப் பார்த்து அவள் பாவம் என்று சொன்னதில்லை. அலுமினிய அண்டா காலில் விழுந்து நகம் பெயர்ந்தபோதுகூட மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து வைத்தாள், அவ்வளவுதான்.

சகலை படகைத் திட்டின் உள்பக்கத்தில் மணலில் ஏற்றி நிறுத்திவிட்டு என்னவெல்லாமோ சொன்னார். வடக்கே வால் மாதிரி நீண்டு போகிறது, நடுவில் கழுத்து மாதிரி ஒடுங்கும், அமாவாசைக்குத் தண்ணீர் ஏறினால் கழுத்து முழுகிவிடும், அங்குட்டுப் போகாதீக என்று சொன்னார். சொன்னார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது நான் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. அவர் பேசும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் திட்டைச் சுற்றி நடந்தோம். மேட்டில் அடம்பங்கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. ஊதா நிறப் பூ. அந்தக் கொடி மணலைப் பிடித்து வைத்திருப்பதாகச் சகலை சொன்னார். கொடி இல்லாத இடத்தில் மணல் நிற்காதாம், போன வருடம் இங்கே இருந்த மேடு இந்த வருடம் அங்குட்டுப் போய்விட்டதாம்.

"இந்தத் திட்டு நடக்குது மதினி. ஒரு பக்கம் கரையும், மறுபக்கம் வளரும். எங்க அய்யா காலத்துல இது இன்னும் கிழக்க இருந்துச்சு."

"மண்ணுகூட நகருது" என்றாள் என் மனைவி. "எங்க வீட்டுல ஒரு ஆளு கட்டில் கிடக்கிற இடத்தை மாத்தக்கூட விடமாட்டாக."

மறுபடி அந்தச் சிரிப்பு. என் கொழுந்தியாள் என் தோளில் தட்டி, "அத்தான், உங்களைத்தான்" என்றாள். தெரியாதா எனக்கு.

உருண்டையாக, முள்ளு முள்ளாக ஒன்று காற்றில் உருண்டு போனது. ராவணன் மீசை என்றார்கள், அது ஒரு புல்லின் கதிராம். காய்ந்ததும் செடியை விட்டு அறுந்து, காற்று போகிற பக்கமெல்லாம் உருண்டு ஓடி விதை போடுமாம். என் மனைவி அதைப் பிடிக்க ஓடினாள். அவளுக்கு மூட்டுவலி உண்டு. மாடிப்படியில் கையை ஊன்றித்தான் ஏறுவாள். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையோரமாக ஓடினாள். பிடிக்கப் போகிறபோது காற்று அதை இன்னும் கொஞ்சம் தள்ளியது. அவள் கத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காய்ந்த புல் மேல் பொறாமைப்பட முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் நண்டு. ஈரமணலில் ஒரு வளையைக் காட்டினார் சகலை. சும்மா தோண்டினால் வளை மூடிப்போகும், நண்டு கிடைக்காது. மேட்டில் இருந்து காய்ந்த வெள்ளை மணலை அள்ளி வளைக்குள் ஊற்ற வேண்டும். பிறகு தோண்டினால் கறுத்த ஈரமணலுக்குள் வெள்ளையாக வழி தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் நண்டு. என் மனைவி முழங்கால் போட்டு உட்கார்ந்து முழங்கை வரை கையை விட்டுத் தோண்டினாள். அவர் எதிரே குந்தியிருந்து, "வலப்பக்கம் மதினி, வலப்பக்கம், வெள்ளையை விட்டுறாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நண்டு வெளியே பாய்ந்ததும் இரண்டு பேரும் பின்னால் விழுந்தார்கள். அவள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கச் சிரித்தாள். நண்டு என் காலைத் தாண்டி ஓடியது. நான் விட்டுவிட்டேன்.

"அண்ணே, பிடிச்சிருக்கலாமே!"

"அமாவாசை" என்றேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவர் சொல்வதை எல்லாம் அவள் வாய் பிளந்து கேட்கிறாள், எனக்குத் தெரிந்ததும் ஏதாவது இருக்காதா? அலையோரத்தில் சிப்பி குவிந்து கிடந்தது. வெள்ளை, பழுப்பு, லேசான ரோஸ். அவள் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, பல தடவை தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னேன்.

"இதைச் சுட்டா நல்ல சுண்ணாம்பு வரும்."

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் சுவர் பளபளப்பதற்கு இந்தச் சிப்பிச் சுண்ணாம்புதான் காரணம் என்று சொல்ல வந்தேன். அதை எல்லாம் சொல்வதற்குள் கொழுந்தியாள், "அக்கா, அத்தான் மாடி கட்டப் போறாக, நிறையப் பொறுக்கு" என்றாள். சகலை விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. கையில் இருந்த ரோஸ் சிப்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். நான் அவள் விளையாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. என் காது சூடாகியது.

சாப்பாட்டை எடுத்து வைத்தோம். அமாவாசை என்பதால் அவள் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "மீன்காரன் வீட்டுக்கு வந்து புளிச்சோறு போடுறீகளே மதினி, கடலுக்கே அடுக்குமா" என்றார் சகலை, ஆனால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். இப்படி ஒரு புளிச்சோறு சாப்பிட்டதே இல்லை என்றார். நல்லெண்ணெயா, என்ன மிளகாய், எப்படித் தாளித்தீர்கள் என்று கேட்டார். அவள் விவரமாகச் சொன்னாள். நான் அதே புளிச்சோற்றை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நன்றாக இருப்பதால்தானே இன்னும் கொஞ்சம் வாங்குகிறேன், அதைச் சொல்ல வேறு வேண்டுமா என்று இருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவள் என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"நான் நாலு நாள் இங்க இருந்துட்டு வரட்டா?"

கல்யாணமான நாளில் இருந்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதைத் தவிர, அவள் எங்கும் தங்கியதில்லை.

"இருக்கட்டுமே அண்ணே" என்றார் சகலை. "தெற்க இன்னொரு திட்டு இருக்கு, பூநாரை வந்து நிக்கும். மதினிக்குக் காட்டுறேன்."

அந்தப் பூநாரைதான் என்னைக் கவிழ்த்தது. நாலு நாள் அவர் அவளுக்குப் பூநாரை காட்டுவார். அவள் வாய் பிளந்து பார்ப்பாள், சிரிப்பாள். நான் காரைக்குடியில் குண்டான் கழுவிக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது அவள் மறுபடியும் வெந்நீர் வைக்கவா என்று கேட்கிறவளாக வருவாள். சிரிக்கிறவளை இங்கேயே விட்டுவிட்டு வருவாள்.

"உன் இஷ்டம்" என்றேன். எழுந்து நடந்தேன்.

எங்கே போகிறேன் என்று தெரியாது. காற்றுக்கு எதிராக வடக்கே நடந்தேன். வாடை முகத்தில் மணலை அடித்தது. கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டால் நிற்கக் கூடாது, இரண்டாம் தடவை கூப்பிட்டால் நிற்கலாம் என்று மனதில் முடிவு செய்துகொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் கடலில் இருந்து எழுந்து நடந்தால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் என் கழுத்துக்கே கிடையாது. அது அப்பாவின் கை வைத்த கழுத்து. கோபமும் சேர்ந்துகொண்டது. மணல் ஒடுங்கி, இரண்டு பக்கமும் தண்ணீர் நெருங்கி, ஓர் இடத்தில் கால் நனைந்தது. அதையும் கவனிக்கவில்லை. மறுபடி மணல் அகன்றது, ஒரு சின்ன மேடு வந்தது. அதில் ஏறி அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் கடலை முழுசாகப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. இவ்வளவு பெரிதாக ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் பேசினால் யார்தான் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. சகலைக்குப் பின்னால் கடல் நிற்கிறது. எனக்குப் பின்னால் அண்டா. எனக்கு ஒரு கடலைக் கொடுத்திருந்தால் நானும் பேசியிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் பேசியிருக்க மாட்டேன் என்றும் தெரியும். ஆலாக் குருவிகள் காற்றில் ஒரே இடத்தில் நின்று தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தன. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அலை மேட்டின் அடியைத் தொட்டபோதுதான் எழுந்தேன்.

திரும்பினேன். நான் நடந்து வந்த வழி இல்லை. கழுத்து மாதிரி ஒடுங்கியிருந்த மணல் முழுக்கத் தண்ணீர். அந்தப் பக்கத்து அலையும் இந்தப் பக்கத்து அமைதியும் நடுவில் முட்டிச் சுழித்துக்கொண்டிருந்தன. எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் செத்தவர்களுக்கு முழுகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் அவர்கள் நின்றார்கள். சகலை இரண்டு கையையும் தூக்கி, அங்கேயே இருங்க, படகு எடுத்து வாரேன் என்று சைகை காட்டிவிட்டு ஓடினார். கொழுந்தியாள் ஏதோ கத்தினாள், காற்று கொண்டுபோய்விட்டது. என் மனைவி தண்ணீரில் இறங்கினாள்.

அவளுக்கும் நீச்சல் தெரியாது. தங்கை கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டாள். முழங்கால், தொடை, இடுப்பு. சேலை சுற்றிலும் மிதந்து விரிந்தது. ஒரு தடவை சாய்ந்தாள். நானும் இறங்கினேன். நடுவிலே, தண்ணீர் இழுக்கிற இடத்தில், அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள்.

"எத்தனை தடவ கூப்பிடுறது? தொண்டை கிழியக் கத்துறேன், காது என்ன செவிடா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தீகளா?"

"காத்துல கேக்கல."

"கேக்காட்டிப் போகுது, பாக்கக் கூடாதா? செத்தவுகளத்தான் திரும்பிப் பாக்கக் கூடாது. நான் உசுரோடதான இருக்கேன்! இருபத்தாறு வருசமா உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வாரேன். முதுகுகிட்ட என்னத்தப் பேச? சட்டைக் காலர்கிட்டயா பேசுவாக? நாலு நாள் இருக்கட்டான்னு கேட்டா, நீங்களும் இருங்களேன்னு ஒரு வார்த்த வரும்னு பாத்தேன். உன் இஷ்டமாம், இஷ்டம். முதலாளிகிட்ட லீவு கேக்க வாய் வராது, எனக்குத் தெரியாதா? நான் கேக்குறேன் போன்ல, குடுங்க போனை!"

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தது. அதற்கும் ஒரு வாங்கு வாங்கினாள்.

தண்ணீர் நெஞ்சு வரை வந்து வந்து போனது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் அன்றைக்குச் சகலையிடம் பேசியதை விட என்னிடம் அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்த நிலையிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். திட்டு வாங்க வாங்க எனக்கு ஏதோ நிறைந்துகொண்டே வந்தது.

படகு சுற்றிக்கொண்டு வந்தது. எங்களைப் பார்த்ததும் சகலைக்குப் பயம் தெளிந்து வாய் வந்துவிட்டது. "என்ன அண்ணே, வால் திட்டை வாங்கிட்டீகளா? பட்டா போட்டாச்சா?"

என் மனைவி அவரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துப் படகில் ஏறவில்லை, என் தோளை அழுத்தித்தான் ஏறினாள். கரை வருகிற வரை எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அவள் தங்கினாள். கேட்ட மாதிரியே நாலு நாள். நானும் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மறுநாள் முகூர்த்தம், கடையில் ஆள் இல்லை என்றுதான் வெளியே வந்தது. சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட அவளும் சகலையும் வந்தார்கள். பஸ் கிளம்பியதும் நான் எழுந்து கடைசி சீட் வரை போய்ப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அமாவாசை அன்று, கடலைப் பார்த்து. அப்பா இருந்தால் பிடரியில் அடித்திருப்பார். அவள் அங்கேயே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாளா என்று தூரத்தில் தெரியவில்லை. தேவகோட்டை வரும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த நாலு நாளும் கடை போனில் இருந்து கூப்பிட்டேன். பூநாரை பார்த்தாளாம். தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றதாம். "தம்பி சொன்னாரு, அதுக சகதியில தலைகீழா வாயை வச்சுத்தான் திங்குமாம்." பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்கும், அவள் போனை வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வாள். நான் காத்திருப்பேன்.

இப்போது வீட்டில் அவள் பேசுகிறாள். முன்னைப் போல இல்லை. ஆனால் பாதிப் பேச்சு "தம்பி சொன்னாரு" என்று ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு முள் குத்தும். ராவணன் மீசை ஒன்றைக் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்திருக்கிறாள். காற்றாடி சுற்றினால் அது கீழே விழுந்து உருளும். நான்தான் எடுத்து வைக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு ரோஸ் சிப்பியும் இருக்கிறது. அன்று கீழே போட்டதா, வேறொன்றா என்று கேட்கவில்லை. புளிச்சோறு நன்றாக இருக்கிறது என்று போன வாரம் சொல்லிவிட்டேன். "தம்பியும் அதத்தான் சொன்னாரு" என்றாள்.

கடைத்தெருவில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன். "என்ன?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். "ஒண்ணுமில்லைன்னா எதுக்குத் திரும்புறீக, முன்னால வண்டி வருது பாருங்க" என்பாள். அதுவும் ஒரு பேச்சுதான்.

பங்குனி உத்திரத்துக்குக் கடைக்கு வேலை வருவதற்குள் மறுபடி திட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். இரண்டு பேருமாக. இந்தத் தடவை யாருக்கும் எள்ளு விட இல்லை, சும்மா பார்க்க. முதலாளியிடம் கேட்டுவிட்டேன். மூன்று நாள் கேட்கப் போய் இரண்டு என்று வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு வால் பக்கம் உட்கார்ந்து என்ன நினைத்தீர்கள் என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். "சொல்ல வரலைன்னா எழுதியாச்சும் வைங்க" என்றாள். அவள் எட்டாவது வரை படித்தவள். இன்று கடை விடுமுறை. மகளைப் பார்க்க அவள் சிங்கம்புணரி போயிருக்கிறாள். காலையில் உட்கார்ந்தவன், இப்போது வெயில் சாய்கிறது.

வந்ததும் அவள் கையில் கொடுத்துவிடுவேன். எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும், அது எனக்கு வேண்டும். சகலை கையில் மட்டும் இது முதலில் போய்விடக் கூடாது. அவர் வாசித்துக் காட்டினால் நான் எழுதியதை விட நன்றாக இருக்கும்.

காரைக்குடி, மாசி 28, ஞாயிற்றுக்கிழமை.